கிராம்ப்ளிங் நாட்குறிப்பு: எடி ராபின்சனும் அவர் வளர்த்த குவாட்டர்பேக்குகளும்

ஜனவரி 31

1988-ல் இதே தேதியில் சான் டியாகோவில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை, இன்றிரவு முழுசாகப் பார்த்து முடித்தேன். வாஷிங்டனும் டென்வரும். முதல் கால் பகுதியிலேயே டென்வர் 10-0 என்று முன்னால் போய்விட்டது, போதாக்குறைக்கு வாஷிங்டனின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) டக் வில்லியம்ஸ் கால் வழுக்கி முட்டி திருகிக் கீழே விழுகிறார், ஆட்டம் இவருக்கு இத்தோடு முடிந்தது என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டாம் கால் பகுதி தொடங்கியதுமே திரும்ப வந்து நிற்கிறார். முதல் பந்தே 80 யார்டு டச் டவுன், அதாவது பந்து எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரே பகுதியில் வாஷிங்டன் 35 புள்ளிகள் எடுத்தது, ஐந்து டச் டவுன்களில் நான்கு இவர் கையிலிருந்து போனவை. கடைசியில் 42-10. ஆட்ட நாயகன் விருதும் இவருக்குத்தான்.

சூப்பர் பௌலில் குவாட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர் வில்லியம்ஸ். அவர் வந்த கல்லூரி கிராம்ப்ளிங், வடக்கு லூசியானாவில் அதே பெயருள்ள ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அந்த அணியின் கதையைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், இனி இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 1

கிராம்ப்ளிங்கின் கோச் எடி ராபின்சன் 1919-ல் லூசியானாவின் ஜாக்சன் ஊரில் பிறந்தவர். அப்பா விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். லீலண்ட் கல்லூரியில் படிப்பை முடித்த பிறகும் பேட்டன் ரூஜில் ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்திருக்கிறார். 1941-ல் கிராம்ப்ளிங்கில் கோச் வேலை கிடைத்தபோது வயது 22, மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். அப்போது அந்தக் கல்லூரிக்குப் பெயரே வேறு, லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்.

கோச் என்றால் பயிற்சி மட்டும் கொடுக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, ஆட்டம் முடிந்ததும் செய்தியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். வெளியூர் போனால் வழியில் இருக்கிற ஓட்டல்களில் கறுப்பினத்தவரை உட்காரவிட மாட்டார்கள், அதனால் கிளம்புவதற்கு முன்பே மொத்த அணிக்கும் சாண்ட்விச் செய்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு அப்பா மகன்களை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள, ராபின்சன் அணியையே அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையன்களை மீட்டுவந்தார் என்ற கதையை அங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

முதல் சீசனில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த வருடம் 1942-ல் ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி, எதிரணிகள் எடுத்தது மொத்தம் பூஜ்யம். ஒரு புள்ளிகூட இல்லை! அப்புறம் போர் வந்தது, 43-லும் 44-லும் அங்கே ஆட்டமே நடக்கவில்லை.

பிப்ரவரி 4

1949-ல் கிராம்ப்ளிங் ஆட்டக்காரர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குள் போன முதல் ஆள் அவர்தான். அவர் கிளம்பும்போது ராபின்சன் சொன்னது இதுதான்: நீ தோற்றுப்போனால், உங்கள் கல்லூரிகளில் இருந்ததிலேயே நல்ல ஆளை எடுத்துப் பார்த்தோம், தேறவில்லை என்று சொல்லிவிடுவார்கள், உனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கதவு திறக்காது. இருபத்தொரு வயதுப் பையன் தலையில் வைக்கிற சுமையா இது? ஆனால் யங்கர் அதைச் சுமந்தார், பத்து சீசன் ஆடினார், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுகிற புரோ பௌலுக்கு நாலு முறை தேர்வானார்.

அதன் பிறகு வந்தவர்கள் வரிசை பெரிது. பக் புகானன் 1963-ல், அப்போதிருந்த இன்னொரு தொழில்முறை லீக்கான ஏ.எஃப்.எல்.லின் டிராஃப்டிலேயே (அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்டார். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் மூவரும் புகானனைப் போலவே தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். ராபின்சன் கையிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள் இருநூறு பேருக்கும் மேல்.

பிப்ரவரி 5

நேற்று எழுதிய பெயர்களைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஒருவர்கூட குவாட்டர்பேக் இல்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், மோதுகிறவர்கள், தடுக்கிறவர்கள், பிடிக்கிறவர்கள், எல்லா வேலைக்கும் கறுப்பின ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். மற்ற பத்துப் பேருக்கும் உத்தரவு கொடுக்கிற இடத்துக்கு மட்டும் எடுக்க மாட்டார்கள். கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஜொலித்தவனைக்கூட டிராஃப்ட் பண்ணியபிறகு வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், அந்த வேலைக்கு வேண்டிய புத்தி இவர்களுக்கு இல்லை என்பதுதான் வெளியே சொல்லாத காரணம்.

ராபின்சன் இதை உடைக்க வேண்டும் என்று முடிவு செய்தே ஜேம்ஸ் ஹாரிஸைக் கிராம்ப்ளிங்குக்குக் கொண்டுவந்தார். நல்ல உயரம், வலுவான கை. தொழில்முறை அணிகள் எப்படி ஆடுகின்றனவோ அப்படியே பயிற்சி, தன் ஆட்கள் சுற்றி அரணாக நிற்கிற பாக்கெட்டுக்குள் நின்று எதிரணியின் தடுப்பைப் படித்துப் பந்து வீசுவது. நான்கு வருடம் இதே வேலை. 1969 டிராஃப்டில் எட்டாவது சுற்றுவரை காத்திருக்க வைத்துத்தான் பஃபலோ எடுத்தது. கறுப்பன் என்பதால்தான் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பி வராதே என்று ராபின்சன் அவரிடம் சொல்லி அனுப்பினார். அந்தப் பாகுபாடு இருந்தது அவருக்குத் தெரியாதா என்ன, பையன் அதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

ஹாரிஸ் அந்த வருடமே, முதல் சீசனிலேயே, பஃபலோவின் தொடக்க ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக இறங்கினார். பிறகு ராம்ஸுக்குப் போய் 1974 சீசனில் அணியைப் பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று) வரை கொண்டுபோய் அங்கேயும் ஜெயித்தார், அந்த சீசனின் புரோ பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.

1978-ல் அடுத்து டக் வில்லியம்ஸ், முதல் சுற்றிலேயே, 17-வது ஆளாக. எடுத்தது டாம்பா பே, ஆரம்பித்ததிலிருந்து தொடர்ந்து 26 ஆட்டம் தோற்ற அணி. அடுத்த வருடமே அதை சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோய் நிறுத்தினார். யங்கர், ஹாரிஸ், வில்லியம்ஸ் மூவரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் 1949-லிருந்து 1988 வரை ஒரே மனிதர் பிடிவாதமாகச் செய்த ஒரே வேலை தெரிகிறது. எனக்கு அவருடைய வெற்றிக் கணக்கைவிட இதுதான் பெரிது.

பிப்ரவரி 9

சின்னக் குறிப்பு. ராபின்சன் காலையில் விடுதி வராந்தாவில் கையில் மாட்டு மணியோடு நடந்து, கதவு கதவாக அடித்து எழுப்புவாராம், வகுப்புக்கு யாரும் மட்டம் போடக் கூடாது என்று.

பிப்ரவரி 11

1985 அக்டோபர் 5, டாலஸ், காட்டன் பௌல் ஸ்டேடியம். பிரெய்ரி வியூவை 27-7 என்று ஜெயித்தபோது ராபின்சனுக்கு 324-வது வெற்றி, அலபாமாவின் பேர் பிரையன்ட் விட்டுப்போன 323-ஐத் தாண்டியாயிற்று. பிரையன்ட் பெரிய கோச், மறுப்பே இல்லை. ஆனால் அவருடைய அலபாமா அணியில் 1971 வரைக்கும் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட களத்தில் இறங்கவில்லை.

அந்தக் கதவு திறந்ததில் கிராம்ப்ளிங்குக்கு ஒரு அடியும் இருந்தது. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடும் பெரிய ஸ்டேடியங்களோடும் கறுப்பினப் பையன்களைத் தேடி வர ஆரம்பித்ததும், முன்பு நேராக ராபின்சனிடம் வந்திருக்கக்கூடிய பையன்கள் அங்கே போனார்கள். பையன்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இது நடக்க வேண்டிய மாற்றம்தான். ஆனாலும் அதற்கான விலையைக் கொடுத்தது கிராம்ப்ளிங் மாதிரியான கல்லூரிகள்.

பிப்ரவரி 13

இன்று ராபின்சன் பிறந்தநாள். 1995-ல் 400-வது வெற்றி. அடுத்த இரண்டு சீசன்களிலும் மும்மூன்று வெற்றிதான், எட்டெட்டுத் தோல்வி. கடைசி ஆட்டம் 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில், சதர்ன் பல்கலைக்கழகத்தோடு வருடா வருடம் நடக்கிற பேயூ கிளாசிக், 30-7 என்று தோல்வி. மொத்தக் கணக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். 1941-ல் சேர்ந்த அதே கல்லூரியில், அதே வருடம் கல்யாணம் செய்த டோரிஸ் அம்மாவோடு, கடைசிவரை அதே ஊர்ப்பக்கம். ஞாபகமறதி நோயில் சிரமப்பட்டு 2007 ஏப்ரல் 3-ல் இறந்தார். உடலை மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவர் பிறந்த காலத்து லூசியானாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிப்ரவரி 16

ராபின்சனுக்குப் பின் கோச்சாக வந்தவர் வேறு யாருமில்லை, டக் வில்லியம்ஸேதான். 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று முறை, கிராம்ப்ளிங் ஆடுகிற கல்லூரி லீக்கான எஸ்.டபிள்யூ.ஏ.சி.யின் பட்டம். பிறகு போய்விட்டு 2011-ல் திரும்பி வந்து மறுபடி பட்டம் வென்றார். ஆனால் அடுத்த சீசன் சரிந்தது, 2013 செப்டம்பரில் அவரை நீக்கினார்கள். ஒரு மாதம் கழித்து ஆட்டக்காரர்கள் ஜாக்சன் ஸ்டேட் ஆட்டத்துக்குப் போக மறுத்துவிட்டார்கள். கட்டடத்தில் பூஞ்சை, பஸ்ஸிலேயே கான்சஸ் சிட்டிவரையும் இண்டியானாபொலிஸ்வரையும் நெடும்பயணம், உடற்பயிற்சி அறையின் தரைகூடச் சரியில்லை. மாநில அரசு பல வருடமாக நிதியை வெட்டிக்கொண்டே வந்ததன் விளைவு இது. இருநூறு பேரைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்பிய அணிக்கு இந்த நிலை வந்திருக்கக் கூடாது. பையன்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

மறுவருடம் கோச்சாக வந்த பிராட்ரிக் ஃபாப்ஸ், தொண்ணூறுகளில் ராபின்சனிடமே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்காக ஆடியவர். 2016 டிசம்பரில், அட்லாண்டாவில் செலிப்ரேஷன் பௌல், எதிரே நார்த் கரோலினா சென்ட்ரல். கிராம்ப்ளிங் 10-3 என்று முன்னால் இருக்க, கடைசிக் கட்டத்தில் எதிரணி டச் டவுன் எடுத்து 9-க்கு வந்துவிட்டது. ஒரு கிக் உள்ளே போனால் சமன். ஆனால் டச் டவுன் எடுத்தவர் கொண்டாட்டத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியதால் 15 யார்டு பின்னால் தள்ளி வைத்து உதைக்கச் சொன்னார்கள், அந்த உதையை கிராம்ப்ளிங் பையன்கள் கை வைத்துத் தடுத்துவிட்டார்கள். 10-9. கறுப்பினக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் கிராம்ப்ளிங்குக்கு.