இருட்டைத் தயாரிப்பது

ஒளியை உணரும் கடல் பாக்டீரியாவை ஆராய்கிறேன் என்று சொன்னால், ஆய்வகம் முழுக்க லேசர் மின்னுவதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் என் நாளில் பாதி, வெளிச்சம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விடுகிறது. எங்களிடம் சீக்கிரம் தீர்ந்துபோகிறவை அலுமினியத் தாளும் கறுப்பு டேப்பும்தான்.

நான் கட்டிக்கொண்டு அழும் புரதத்தின் பெயர் புரோட்டியோரோடாப்சின். ஓடெட் பேஜா, எட்வர்ட் டிலாங் குழுவினர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவின் கடல்நீரில் கிடைத்த டிஎன்ஏவிலிருந்து இதைக் கண்டுபிடித்து 2000-இல் வெளியிட்டார்கள். அந்த ஜீனுக்குச் சொந்தக்கார பாக்டீரியாவை அப்போது யாரும் வளர்த்திருக்கவில்லை. அதனால் ஜீனை மட்டும், ஆய்வகத்தில் எளிதாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்ததும் செல்கள் சிவந்தன. நம் விழித்திரையில் ஒளியைப் பிடிப்பதும் ரெட்டினால்தான், மடிந்திருக்கும் விதம் மட்டும் வேறு. ஆனால் கண்ணில் அது பார்ப்பதற்கு. இங்கே ஒளியின் ஆற்றலால் புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளுவதற்கு. அப்படிப் பார்த்தால் ‘உணர்தல்’ என்ற சொல்லே இதற்குக் கொஞ்சம் பெரிய சட்டைதான்.

அந்தத் தள்ளலை நேரில் பார்க்கலாம். செல்களை, அமிலத்தன்மையை மாறவிடாத தாங்கல் கரைசல் கலக்காத உப்புநீரில் போட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மின்முனையை இறக்கி, இருட்டில் காத்திருக்க வேண்டும். எண் ஆடி அடங்க நெடுநேரம் ஆகும். பிறகு விளக்கைப் போட்டால், வெளியே வந்த புரோட்டான்களால் நீரின் அமிலத்தன்மை கூடி, பிஎச்சின் கடைசி இலக்கம் மெல்ல இறங்கத் தொடங்கும். அணைத்தால் திரும்ப ஏறும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. செல்லின் சவ்வு வழியே புரோட்டானை ஒழுகவிடும் சிசிசிபி என்ற வேதிப்பொருளைச் சில துளி விட்டால் அந்த இறக்கம் காணாமல் போய்விடும்.

வளர்ச்சிச் சோதனை அப்படியெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்காது. சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஓடிவந்து, “சார், வெளிச்சத்துல வச்ச குடுவை நல்லா முந்தியிருக்கு” என்றாள். மூன்று முறை திரும்பச் செய்தோம், மூன்று முறையும் முந்தியது. நான் மனதுக்குள் கட்டுரைத் தலைப்பே எழுதிவிட்டேன். அப்புறம் அவளே ஒருநாள் குடுவைக்குள் வெப்பமானியைப் போட்டுப் பார்த்தாள். விளக்கின் கீழ் இருந்தது ஒன்றரை டிகிரி அதிகச் சூட்டில் இருந்தது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது ஒளியை அல்ல, சூட்டை. புரோட்டியோரோடாப்சினே இல்லாத செல்களையும் கூடவே வைத்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அவசரத்தில் அதை வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

நியாயமாகப் பார்த்தால் அந்த பாக்டீரியாக்களும் குழப்பக்காரர்கள். கடலில் மிக ஏராளமாக இருக்கும் எஸ்ஏஆர்11 வகையிலும் இந்தப் புரதம் இருக்கிறது. ஆனால் 2005-இல் வெளிவந்த சோதனையில் அது ஒளியிலும் இருட்டிலும் ஒரே மாதிரிதான் வளர்ந்தது. 2007-இல் டோக்டோனியா என்ற இன்னொன்று வெளிச்சத்தில் கூடுதலாக வளர்ந்தது. எஸ்ஏஆர்11-ஐப் பட்டினி போட்டுப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒளி இருந்தால் அது தன் உடம்பிலிருக்கும் கார்பனை அவ்வளவாக எரிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. இருட்டில் தன்னையே தின்கிறது. வயிறு நிறைந்தவனிடம் பசியைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்?

சரி, நாங்களும் ஊட்டத்தைக் குறைத்தோம். விளக்கை எல்இடிக்கு மாற்றி, குடுவைகளை ஒரே நீர்த்தொட்டியில் நிறுத்தினோம். இந்த முறை புரோட்டியோரோடாப்சின் இல்லாத செல்களும் வரிசையில் இருந்தன. வித்தியாசம் வந்தது, சின்னதாக. தலைப்பு எழுதும் அளவுக்கு இல்லை.

போன வாரம் இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண் பழகும்வரை குடுவைகளை ஆட்டும் ஷேக்கர் பக்கத்தில் சும்மா நின்றேன். அதன் முகப்பில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எங்கள் புரதம் நன்றாக உறிஞ்சுவதும் பச்சையைத்தான். இருட்டுக் குடுவைகளில் ஒன்றில் தாள் கிழிந்திருந்தது, அந்தப் புள்ளியைப் பார்த்தபடி. எத்தனை நாளாகவோ! கறுப்பு டேப்பைத் தடவித் தேடி எடுத்து ஒட்டினேன். அந்த வரிசை முழுவதையும் திங்கட்கிழமை மறுபடி தொடங்கினோம்.