74-ஐ 21 என்று படித்ததற்கு மூன்று வார அலைச்சல்

நாற்பது தாண்டி லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறவர்களில் என்னைப் போலச் சிவப்பும் பச்சையும் குழம்புகிறவர்கள் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆன்லைன் விண்ணப்பம், பணம் கட்டுவது எல்லாம் பத்து நிமிட வேலை. படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழில் டாக்டர் கையெழுத்து வாங்கத்தான் மூன்று வாரம் ஆனது.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டினார்கள், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். முதல் படம் 12, அது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒன்றை 21 என்றேன், அது 74-ஆம். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார். பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன் சார் என்று சொன்னேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லேசான, நடுத்தர அளவு நிறக்குறைபாடு இருந்தால் லைசென்ஸ் தரலாம், கடுமையாக இருந்தால்தான் கூடாது என்று 2020 ஜூனிலேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. அது அவருக்கும் தெரியவில்லை, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

அடுத்து ஒரு கண் மருத்துவமனை. அரை நாள் உட்கார்ந்து வாங்கிய சீட்டில் 'நிறக்குறைபாடு உண்டு' என்று மட்டும் இருந்தது, எந்த அளவு என்று இல்லை. அதுவும் வீண். புள்ளிப் படம் குறை இருக்கிறதா என்று காட்டும், எவ்வளவு என்று சரியாகச் சொல்லாது. டி-15 சோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். 15 வண்ண வில்லைகளை நிற வரிசைப்படி அடுக்கச் சொல்வார்கள். மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனையைச் செய்தேன், கை வேர்த்துவிட்டது. 'நடுத்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அங்கிருந்த டாக்டரம்மா. அவரைக் கும்பிடத் தோன்றியது.

சிக்னலை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அவர்தான் கேட்டார். மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருப்பதால் எனக்கு அது வெளுப்பாகத் தெரியும், சிவப்போடு குழப்பாது. இடம் தெரியாதபோதுதான் சிக்கல். ராத்திரி ஒற்றை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும்போது கம்பமும் பெட்டியும் இருட்டில் மறைந்துவிடும், பக்கத்தில் மஞ்சள் தெருவிளக்கு வேறு. கனடாவின் கியூபெக்கில் சிவப்பைச் சதுரமாகவும் மஞ்சளை வைரவடிவிலும் பச்சையை வட்டமாகவும் வைத்திருக்கிறார்கள். நிறமே தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்து நிற்கலாம். இங்கேயும் அப்படிச் செய்யச் சொல்லி எழுதிப் போடப் போகிறேன்.

லைசென்ஸ் கார்டு போன வாரம் தபாலில் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ஒற்றை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும் எங்கள் ஊர் நாற்சந்தியில், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும், வண்டியை முழுசாக நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறேன்.