டெம்போ டிராவலரில் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும்: வேலையெல்லாம் கேபிளில்தான்

எங்கள் டெம்போ டிராவலர் கேம்பரில் இதுவரை இருந்தது 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில வகை. ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் என்று ஓடியவரை ஒரு குறையும் இல்லை. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாம் என்று முடிவு செய்ததும் கதை மாறியது. 150 ஏஹெச் என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 1,500 வாட் அடுப்பு 12 வோல்ட் பக்கத்தில் 130 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த வேகத்தில் ட்யூபுலர் பாதியைக்கூடக் கொடுக்காது. வோல்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

அதனால் 280 ஏஹெச் எல்.எஃப்.பி. செல்கள் நான்கு வாங்கினேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கும் வரிசையில் 12.8 வோல்ட், மொத்தம் சுமார் 3.6 யூனிட். எடை 22 கிலோ அளவுதான்; பழைய பேட்டரி இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நாங்கள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கப் போகிறோம் என்பதால் பாதுகாப்பு பற்றித்தான் முதலில் படித்தேன். 1990-களில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு கொண்டுவந்த வேதியியல் இது. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் ஆக்சிஜன் சுலபத்தில் வெளியே வராது. செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரி அளவுக்குத் தீப்பற்றும் ஆபத்து இதில் இல்லை என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஒரு நாள் செலவு: ஃபிரிட்ஜ் அரை யூனிட், பி.எல்.டி.சி. ஃபேன் 0.3, சமையல் 1, லேப்டாப், விளக்கு எல்லாம் சேர்ந்து 0.3. ஏறக்குறைய 2.1 யூனிட். கூரையில் இருக்கும் 400 வாட் சோலார் நல்ல வெயிலில் 1.3 யூனிட் தரும். மீதி வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்திலும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் அளவு இது.

நான்கு செல்களையும் முதலில் இணையாகக் கட்டி 3.65 வோல்ட் வரை ஏற்றி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பொறுமை வேண்டிய வேலை. இந்த வகை செல்லின் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்ட நேர்கோடாகப் போகும். நிறைந்து வரும் கடைசிக் கட்டத்தில்தான் செல்லுக்குச் செல் இருக்கும் வித்தியாசம் தெரியும். வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். அதனால் நெகட்டிவ் கேபிளில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் ஒன்றைப் போட்டு, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மானிட்டர் வைத்தேன்.

இனி கேபிள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் விலை ஒப்பிட்டுப் பார்க்க எல்லோரும் நேரம் செலவழிக்கிறார்கள், நடுவில் ஓடும் செம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலில் போட்ட வரைபடத்தில் இன்வெர்ட்டர் பின்பக்கம், சுவிட்ச் போர்டுக்கு அருகில் இருந்தது. கேபிள் போய்வர 4 மீட்டர். 25 சதுர மி.மீ. கேபிளாக இருந்தால் அடுப்பு எரியும்போது 45 வாட் கேபிளிலேயே சூடாகிப் போகும், 0.35 வோல்ட் குறையும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, 70 சதுர மி.மீ. கேபிள் போய்வர 1.2 மீட்டர் என்று ஆக்கினால் அந்த இழப்பு வெறும் 5 வாட். நீளத்தை எப்போதும் 230 வோல்ட் பக்கம் தள்ளிவிட வேண்டும்; அங்கே அதே 1,500 வாட்டுக்கு ஆறரை ஆம்பியர்தான், சாதாரண வீட்டு ஒயர் போதும்.

கேபிள் நுனிகளில் போல்ட் மாட்டும் வளையமான லக்கை அழுத்தி கிரிம்ப் செய்து கொடுத்த கோவைக் கடைத் தம்பி கேபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வெல்டிங் கேபிளுங்களே அண்ணா" என்றார். அதேதான். மெல்லிய இழைகள் என்பதால் ஓடும் வண்டியின் அதிர்வுக்கு ஒத்து வளையும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். அலுமினிய வெல்டிங் கேபிளும் கடையில் கிடைக்கிறது. ஒரு லக்கை மட்டும் ஹைட்ராலிக் கருவியில் அழுத்தியபின் குறுக்கே அறுத்துப் பார்க்கச் சொன்னேன். இழைகள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே செம்புக் கட்டியாக இருந்தது. அப்புறம்தான் மற்றவற்றை அழுத்தினோம்.

எல்லாம் பூட்டியதும் அடுப்பில் தண்ணீர் வைத்து முழு வேகத்தில் விட்டேன். கிளாம்ப் மீட்டரில் 128 ஆம்பியர். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பாக இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். 5, 6, 6 என்று வந்துகொண்டிருந்தது. மூன்றாவது செல்லின் பாசிட்டிவில் 40. அந்த ஒரு போல்ட்டுக்கு அடியில் மட்டும் 5 வாட் சூடு என்று அர்த்தம். செல்லின் முனை அலுமினியம், காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படலம் கட்டும். ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனே பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) வைத்து டார்க் ரெஞ்சால் செல் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். அளவு 6-க்கு இறங்கியது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு மல்டிமீட்டர்தான். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத தளர்வை இது காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி மாற்றும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 225 ஆம்பியர் கிளாஸ் டி (T) ஃபியூஸ். விலை அதிகம், ஆனால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்த செல்கள் ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். மலிவான ஃபியூஸ் எரிந்தாலும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பாலம் போட்டு நிற்கும். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும்.

ஆல்டர்நேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுக்கவில்லை. ஆல்டர்நேட்டர் கொடுப்பதையெல்லாம் லித்தியம் வாங்கிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் அறை கொதிக்கும், அந்த நேரத்தில் ஆல்டர்நேட்டர் முழு மூச்சில் ஓடினால் சுருள் வெந்துவிடும். பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அட்டை) சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி டையோடு போவதும் உண்டு. மின்னோட்டத்தை அளவோடு விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் நடுவில் நின்று இரண்டையும் தடுக்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் 0.8 யூனிட் ஏறிவிடும், அது போதும்.

230 வோல்ட் பக்கம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்தது: மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நியூட்ரலையும் வண்டியின் சேஸிஸையும் இணைக்கும் பிணைப்பு, வெளி மின்சாரம் வந்தால் அந்தப் பிணைப்பை விடுவிக்கும் சேஞ்ச்ஓவர்.

மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி சாதாரணம். நிறைந்த நிலையில் சூட்டில் கிடப்பதுதான் லித்தியத்தை வேகமாகக் கிழமாக்கும். அதனால் சோலார் கன்ட்ரோலரில் சார்ஜ் 14.1 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்தபின் பிடித்து நிறுத்தும் அளவு) 13.4 வோல்ட் என்று குறைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் நிறுத்தும் நாட்களில் பாதி சார்ஜில் விட்டு சோலாரை அணைத்துவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் காற்றை வெளியே தள்ளும் சின்ன ஃபேன் ஒன்றும் உண்டு.

அடுத்த வேலை நேர் எதிர்ப்பக்கம். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி இறங்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பி.எம்.எஸ். அப்போது சார்ஜைத் துண்டித்துவிடும், சரி. ஆனால் காலை வெயிலும் அதோடு வீணாகும். பெட்டிக்குள் ஒட்ட 12 வோல்ட் சிலிக்கான் ஹீட்டர் பேடு வாங்கி வைத்திருக்கிறேன். செல்களுக்கும் பேடுக்கும் நடுவில் வைக்க அலுமினியத் தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன்.