எலுமிச்சைச் செடியில் பட்டாம்பூச்சி வளர்த்த அனுபவம்

மொட்டை மாடியில் ஒரு பையில் நிற்கும் முழங்கால் உயர எலுமிச்சைச் செடியை, காய்க்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடுவதைக் கண்ட நாளிலிருந்து, அந்தப் பூச்சிகளுக்காகவே அதை வளர்த்து வருகிறேன்.

முதல் முயற்சி ஆவணியில் நடந்தது. இளந்தளிர்களில் தனித்தனியாக ஒட்டியிருந்த வெளிர்மஞ்சள் முட்டைகள் 14. ஒன்றைக்கூட எறும்புக்கோ குருவிக்கோ கொடுத்துவிடக் கூடாது என்ற தவிப்பில், செடி முழுவதையும் கொசுவலையால் மூடி அடியில் இறுக்கிக் கட்டினேன். எல்லாம் பொரிந்தன. பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, கடைசியாகத் தோலுரித்ததும் இலைப்பச்சைக்கு மாறுகிறது. அதன் பிறகு அதன் பசிக்கு அளவே இல்லை. பத்தே நாட்களில் முற்றிய இலைகளும் தீர்ந்து செடி முள்ளும் குச்சியுமாக நின்றது. வெறும் குச்சியின் நுனிவரை ஏறி, அங்கே இலை இல்லாமல் தலையை இருபுறமும் அசைத்துத் தேடிவிட்டு, வந்த வழியே திரும்பிய ஒரு புழுவை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நாரத்தை இலை வாங்கி வந்து செருகியும் 6 மட்டுமே கூட்டுப்புழுவாயின. எதையும் இழக்கக் கூடாது என்று நான் கட்டிய வலைக்குள்தான் மற்றவை பட்டினி கிடந்து மடிந்தன.

ஐப்பசி மழையில் செடி மறுபடியும் துளிர்த்தது. இம்முறை 9 முட்டைகள், வலை கட்டவில்லை. கட்டாமல் இருப்பது எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எறும்புகள் இரண்டைக் கொண்டுபோயின. தையல்சிட்டு ஒரு புழுவைக் கொத்திச் சென்றதைக் கண்ணாலேயே பார்த்தேன். இன்னும் இரண்டு எப்படிப் போயின என்று தெரியவில்லை. எஞ்சிய நான்கும், இடுப்பில் கயிறு கட்டி மரத்தில் சாய்ந்து நிற்பவரைப் போல, ஒற்றைப் பட்டிழையில் தம்மைத் தாங்கிக்கொண்டு கூட்டுப்புழுவாயின.

அவற்றில் இரண்டு, ஒன்பதாம் நாள் காலையில் கருத்து, கூட்டின் மேல்தோல் வழியே சிறகின் மஞ்சள் புள்ளிகளைக் காட்டின. வெளியே வந்தபோது கசங்கிய துணியாக இருந்த சிறகுகள் நரம்பு நரம்பாக விரிந்ததைப் பார்த்து, என்னை அறியாமல் கைகூப்பினேன். மற்ற இரண்டும் பழுப்பேறி அப்படியே இருந்தன. பதினைந்தாம் நாள், அவற்றில் ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்து, அதன் வழியே பச்சை மினுமினுக்கும் மிகச் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 41 வரை எண்ணினேன். இந்தக் குளவி, புழு கூட்டுப்புழுவாகும் வரை அருகிலேயே காத்திருந்து, மேல்தோல் இறுகுவதற்குள் முட்டைகளை உள்ளே செலுத்திவிடும். அன்று முழுவதும் மனம் கனத்தது. அந்தக் கனம் தவறென்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் மாலையில் தண்ணீர் ஊற்றும்போது செடியில் பாதிக்கு மேல் இலை மிஞ்சியிருந்ததைக் கண்டேன். ஆவணியில் புழுக்களைக் காப்பாற்ற நான் முயன்றபோது கிடைக்காத இலைகள் அவை.

இரண்டாவது கூட்டையும் எடுத்தெறியவில்லை. மூன்று நாள் கழித்து அதிலும் துளை விழுந்தது. இந்த வாரம் புதுத் தளிரில் 5 முட்டைகள் இருக்கின்றன; ஒன்றின் அருகே எறும்பு ஊர்கிறது. எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு இறங்கி வந்தேன்.