புகான்சான்: மெட்ரோவில் போய் ஏறிய மலை

தொடை இரண்டும் இன்னும் வலிக்கின்றன. ஆனாலும் இந்தச் சூட்டிலேயே எழுதிவிட வேண்டும். சியோலில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழ் மக்களே, இலை உதிர்வதற்குள் புகான்சான் போய்விடுங்கள். சிவப்பு இலை பார்க்கிறேன் என்று டூர் பஸ்காரர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஊருக்குள்ளேயே தேசியப் பூங்கா இருக்கிறது. 2007 முதல் நுழைவுக் கட்டணமும் கிடையாது. உதவித்தொகையில் மாதக் கடைசியை ஓட்டும் எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, நண்பர்கள் நான்கு பேர் கிளம்பினோம். நான்காம் லைனில் வந்து உயி-சின்சொல் லைனுக்கு மாறினால் கடைசி நிலையம்தான் புகான்சான் உயி. இரண்டே பெட்டி, ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில். அதில் அறுபது வயதைத் தாண்டிய மலையேறிகள் முதுகுப்பையும் தடியுமாக நெருக்கியடித்து நின்றார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டவருக்கு ஷூ, தடி எல்லாம் குறைந்த வாடகைக்குத் தரும் மலையேற்றச் சுற்றுலா மையம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்கள் தஞ்சாவூர்த் தம்பி அங்கேதான் ஷூ எடுத்தான்.

வெளியே வந்ததும் வயிற்றெரிச்சல் ஆரம்பம். தொசொன்சா கோயில் வரை தார்ச்சாலை, சுமார் இரண்டு கிலோமீட்டர். ஒரு டாக்ஸிக்காரர் மீட்டர் போட மாட்டாராம், ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டார். நால்வருக்கும் கூட்டிப் பார்த்தால் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு! வெளிநாட்டு முகம் என்றால் இப்படியா? "வேண்டாம் மச்சான், நடப்போம்" என்று நடந்தோம். அதுவே நல்லதாகப் போயிற்று. சாலை ஓரம் முழுக்க மேப்பிள் மரங்கள் ரத்தச் சிவப்பில் நின்றன. டாக்ஸியில் போயிருந்தால் அதையெல்லாம் எங்கே பார்த்திருப்போம்?

ஹாருஜே கணவாய் வரை படி, பாறை, மறுபடியும் படி. அதைத் தாண்டியதும் இன்சுபொங் சிகரம் கண்முன்னே வருகிறது. ஒரே கருங்கல், மொட்டையாக, கவிழ்த்து வைத்த பானை போல. அதன் செங்குத்துப் பக்கத்தில் கயிறு கட்டி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சே வரவில்லை.

ஆனால் இந்த மலையின் உயிர் கடைசி ஏற்றத்தில்தான் இருக்கிறது. மலைமேல் உள்ள பழைய கோட்டையின் வாசலைத் தாண்டினால் பெகுன்தே உச்சி வரை வழுக்குப் பாறை. பாறையில் இரும்புக் கம்பி நட்டு, எஃகு வடம் கட்டியிருக்கிறார்கள். வடத்தைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் பல இடங்களில் ஒரே வழி. சனிக்கிழமைக் கூட்டத்தில் வரிசை நகரவே இல்லை. காற்றோ ஆளைத் தள்ளுகிறது. "அண்ணே, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று தம்பி நின்றுவிட்டான். பின்னால் வந்த ஒரு பாட்டி, என் அம்மாச்சி வயதிருக்கும், எந்தக் காலை எங்கே வைப்பது என்று கையால் காட்டிக் காட்டி அவனை மேலே கூட்டி வந்துவிட்டார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்!

உச்சி 836 மீட்டர். கொரியக் கொடி படபடக்கிறது. 1919-இல் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து நடந்த சுதந்திரப் போராட்டத்தை நினைவுகூரும் எழுத்துகளைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். தேய்ந்து மங்கிவிட்டன, தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் சியோலின் அடுக்குமாடிகள், மறுபக்கம் மஞ்சளும் சிவப்புமாகப் பள்ளத்தாக்கு. கொடியோடு படம் எடுக்கத் தனி வரிசை. நாங்கள் அதில் நிற்கவில்லை.

சற்றுக் கீழே அகலமான பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அந்தக் குளிரில், அந்தப் பசியில், அப்படியொரு ருசி! பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வெள்ளரிக்காயை நீட்டினார். நாங்கள் ஒரு கை புளியோதரை கொடுத்தோம். கடலைப் பருப்பைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். (மேலே அடுப்பு மூட்டக் கூடாது, உச்சியில் மதுவும் கூடாது.)

இறக்கம் கோட்டைப் பக்கமாக. 1711-இல் கட்டிய புகான்சான்சொங் கோட்டையின் மதிலும் ஓடையும் மேப்பிளுமாக நீளமான வழி. என்னைக் கேட்டால், இலைக்காகப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை விடவே கூடாது. அடிவாரத்தில் உருளைக்கிழங்கு அரைத்துச் சுட்ட கம்ஜாஜொன், ஓக் விதை மாவில் செய்த தொதோரிமுக். எங்களில் சைவக்காரர் ஒருவர் உண்டு, அவரும் வயிறாரச் சாப்பிட்டார். மொறுமொறுவென்று வந்த அந்த ஜொன்னுக்காகவே இன்னொரு முறை ஏறலாம். பங்கு போட்டதில் ஆளுக்குப் பத்தாயிரம் வொன்கூட ஆகவில்லை.

குபாபல் மெட்ரோ நிலையம் வரை பேருந்துதான் கொடுமை. மூச்சு முட்டும் கூட்டம், போக்குவரத்து நெரிசல், வழி நெடுக நின்றே வந்தோம். முடிந்தால் வார நாளில் போங்கள். ரப்பர் பூசிய கையுறை கட்டாயம் வேண்டும், வடம் உள்ளங்கையை உரித்துவிடும். சீக்கிரம் இருட்டிவிடுகிறது, ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். நவம்பர் முதல் வாரம் தாண்டினால் இலை குறைந்துவிடும்.