மாத்திரையும் கணுக்காலும்

ஜூன் 9
காலையில் பிரஷர் 148/92. அதற்கான மாத்திரை, ஆம்லோடிபின் 5, போட்டாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் அப்படியே பள்ளமாக நிற்கிறது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்து மெதுவாகத்தான் நிரம்புகிறது. காலையில் இது இல்லை.

ஜூன் 10
மெட்டியைச் சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

ஜூன் 12
ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிட்னியைப் பாருங்க டீச்சர், சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பு வாங்குங்க, மாத்திரையை நிறுத்திட்டு முருங்கைக்கீரை சூப் குடிங்க. அக்கறையில் சொல்வதுதான், ஆனால் நிறுத்து என்று யாராவது சொன்னாலே எனக்கு அப்பா வந்துவிடுகிறார். தலைசுற்றுகிறது என்று பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தினார், வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை, அப்புறம் அந்த இடது கை விளங்காமல் போயிற்று. பேரனை வாங்க வலது கையை மட்டும் நீட்டுவார், குழந்தையை எப்படிக் கொடுப்பது என்று நாங்கள் முழிப்போம்.

ஜூன் 13
காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தும் தூக்கம் இல்லை. கிட்னியாக இருந்தால்?

ஜூன் 14
சித்தி போன். அவருக்குப் பிரஷருக்கு எனலாப்ரில் கொடுத்தபோது மாதக்கணக்கில் வறட்டு இருமலாம், சளி டெஸ்ட் வரைக்கும் எடுத்தார்களாம். லோசார்டன் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றிய பிறகு சில வாரத்தில் நின்றுவிட்டது. "வாயைத் திறந்து சொல்லுடி, சொன்னாத்தான் மாத்துவாங்க."

ஜூன் 16
டாக்டரிடம் சொன்னேன். செல்போனில் எடுத்து வைத்திருந்த கால் படத்தையும் காட்டினேன். கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் சரி, சிறுநீரில் புரதம் இல்லை. ஆம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைப் பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை, நடுவில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிந்து காலில் இறங்குகிறதாம். உடம்பில் நீர் கூடியதால் வருவதில்லை என்பதால் நீர் போகும் மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆம்லோடிபினை 2.5 ஆக்கி டெல்மிசார்டன் 40 சேர்த்திருக்கிறார். இது சிரையையும் விரிப்பதால் வீக்கம் இறங்குமாம். பொட்டாசியம் உப்பு மட்டும் கூடவே கூடாது, டெல்மிசார்டனோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

கோபம் கோபமாக வருகிறது. முதலில் எழுதிக் கொடுத்தவர், கால் வீங்கலாம், வீங்கினால் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை ராத்திரி பயந்திருக்க வேண்டாம். பயந்துதானே ஜனங்கள் மாத்திரையை விடுகிறார்கள். அப்பாவிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 19
கோலம் போட்டு நிமிர்ந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திண்ணையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து எடுத்தால் 124/78, நின்று எடுத்தால் 106/70. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். மெதுவாக எழுந்திருக்கணும், இந்த வெயிலுக்குத் தண்ணீர் குறையக் கூடாது, உட்கார்ந்தும் நின்றும் எடுத்து எழுதி வைக்கணும், திரும்ப வந்தால் நேரில் வரணும்.

ஜூன் 20
இருட்டவில்லை.

ஜூன் 23
வலது கணுக்காலில் எலும்பு தெரிகிறது! இடது இன்னும் கொஞ்சம். மெட்டி போட்டுப் பார்த்தேன், போகிறது.

ஜூன் 25
128/80. பொட்டாசியம் ரிசல்ட் நாளைக்கு. தம்பி கூப்பிட்டான், அவனுக்கு 160/100 ஆம். மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாது, அதனால் வேண்டாம் என்கிறான். போனில் பேசினால் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன்.