டீச்சர் 'ஹீ'யா, 'ஷீ'யா?

"மை டீச்சர் இஸ் நைஸ். ஹீ டெல்ஸ் ஸ்டோரீஸ்" என்றாள் மகள். டீச்சர் ஒரு பெண். முன்பெல்லாம் உடனே திருத்திவிடுவேன். இப்போது கொஞ்சம் நிதானிக்கிறேன். அவள் மனதில் இருப்பது 'அவர்'. அந்தச் சொல்லில் மரியாதை உண்டு, ஆணா பெண்ணா என்பது கிடையாது. ஆங்கிலத்திலோ மரியாதை இல்லை, பால் மட்டும் உண்டு. குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய தாவல்!

இன்னொன்று, 'வந்தாள்' என்றாலே யார் என்று விகுதி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வெறும் 'கேம்' (came) எதுவும் சொல்லாது. அதனால்தான் நம் பிள்ளைகள் 'ஷீ'யை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

'ஐ'யா 'மீ'யா என்ற குழப்பத்துக்கு மட்டும் ஒரு சின்ன வழி இருக்கிறது. கூட இருப்பவரை எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "மீ அண்ட் அண்ணா வென்ட்" என்பதில் அண்ணாவை எடுத்தால் "மீ வென்ட்". காதே தப்பைக் கண்டுபிடித்துவிடும். "கிவ் இட் டு அண்ணா அண்ட் ஐ" என்பதும் அப்படியே மாட்டிக்கொள்ளும். பெரியவர்களே தடுமாறும் இடம் அது.

மற்றபடி தப்பு என்று சொல்வதையே விட்டுவிட்டேன். "ஓ, ஷீ டெல்ஸ் ஸ்டோரீஸ்? வாட் டிட் ஷீ டெல் டுடே?" என்று கேட்டேன். அடுத்த வாக்கியத்தை அவளாகவே 'ஷீ' என்று தொடங்கினாள்.